பாதி ஓவியம், பாதி நிஜம்: பினாங்குச் சுவரில் ஒரு சைக்கிள்!

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போனால், ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவரோரம் எப்போதும் கூட்டம் நிற்கும். ஏன் தெரியுமா? அங்கே ஒரு சிறுமி சைக்கிள் மிதிக்கிறாள். பின்னால் ஒரு பொடியன் அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். பிள்ளைகள் இருவரும் வெறும் வண்ணம். சைக்கிளோ நிஜ சைக்கிள்!

வரைந்தவர் உள்ளூர்க்காரர் என்றா நினைத்தீர்கள்? இல்லை! லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸகாரெவிச். 2012-ல் ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக வரைந்தார். ஆ குவீ தெருவில் ஒரு பையன் நிஜ மோட்டார் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான்! கேனன் தெருவில் இன்னொருவன் நிஜ நாற்காலியில் ஏறி எட்டுகிறான்! முந்த்ரி தெருவில் நீலச் சட்டைச் சிறுமி ஒருத்தி, அந்த வீட்டின் ஜன்னல் மறைப்புகளையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்! வெயிலும் மழையும் இந்த வண்ணங்களை ஆண்டுதோறும் தின்கின்றன. பார்க்க ஆசையா? சீக்கிரம் கிளம்புங்கள்!

இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரம் போட முடியுமா? போட்டிருக்கிறார்கள், மொத்தம் 52! ஒவ்வொன்றும் தான் நிற்கும் தெருவின் கதையைச் சொல்கிறது. உலகமே கொண்டாடும் காலணிக் கலைஞர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகியது எங்கே? இந்த ஊரில்தான்! அதற்கும் ஒரு கம்பிச் சித்திரம் உண்டு.

சரி, கேனன் தெருவுக்கு ஏன் பீரங்கியின் பெயர்? 1867 ஆகஸ்டில் ஊரே பற்றி எரிந்தது. பத்து நாள் கலவரம்! பீரங்கிகள் முழங்கின! சீனர்களின் இரண்டு ரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. இனி வருவதுதான் ஆச்சரியம். ஒரு சீனச் சங்கத்தோடு முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிச் சங்கம் சேர்ந்தது, எதிர்ச் சீனச் சங்கத்தோடு முஸ்லிம்களின் செங்கொடிச் சங்கம் சேர்ந்தது! சண்டையில்கூட இனம் பார்த்து அணி பிரியாத ஊரை வேறெங்கே பார்த்தீர்கள்?

இப்போது நடக்கத் தயாரா? சில நிமிட நடைக்குள் நான்கு வழிபாட்டிடங்கள்! கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818. ஊதுபத்திப் புகை ஓயாத குவான் யின் கோயில். 1833-ல் வந்த மகாமாரியம்மன் கோயில். அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-ல் அதற்கு வித்திட்டவர் யார் தெரியுமா? தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன்!

சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருப்பது தெரியுமா? நாகூர் ஆண்டவர் என்னும் சூஃபி மகான் அடங்கியிருப்பது நம் நாகூரில்தான். கடல் தாண்டிப் போனவர்கள் அவர் நினைவாக இங்கேயும் ஒரு தர்கா கட்டிக்கொண்டார்கள். கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் அந்த வட்டாரத்தில், தெருப்பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கிறது!

கடலுக்கு மேல் தெரு உண்டா? உண்டு! கரையோரம் கம்பம் நட்டு, பலகை பாவி, அதன்மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள் சீனர்கள். சூ ஜெட்டி, லிம் ஜெட்டி, டான் ஜெட்டி என்று ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஒரு ஜெட்டி, அதாவது படகுத்துறை!

1910-ல் 120, ஆர்மீனியன் தெரு வீட்டில் புரட்சிக்குத் திட்டம் போட்ட சீனத் தலைவர் யார்? சுன் யாட்-சென்! மறு வருடமே சீனப் பேரரசு ஆட்டம் கண்டது!

ஜார்ஜ் டவுன் குடியேற்றத்தை 1786-ல் தொடங்கிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட்டின் மகன் என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தையே திட்டமிட்டார்! தந்தைக்குச் சிலை வைக்கப் படம் கிடைக்காமல், மகன் முகத்தைப் பார்த்தே செய்தார்களாம்!

தைப்பூசத்தைச் சொல்லாமல் எப்படி? 1894 முதல் ஓடும் நகரத்தாரின் வெள்ளி ரதம் ஜார்ஜ் டவுன் தெருக்களில் புறப்படும்போது, வழியெங்கும் சிதறு தேங்காய் மலை மலையாகக் குவியும். உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அசந்துபோவீர்கள்!