லீக் மறைந்தாலும் ஆட்டம் நிலைக்க

மகளிர் கிரிக்கெட்டுக்கு 2023 முதல் பிரீமியர் லீக் நடக்கிறது. கூடைப்பந்து ஆடும் எங்கள் பள்ளி மாணவியர், "எங்களுக்கும் இப்படி ஒன்று வருமா, டீச்சர்?" என்று கேட்கிறார்கள். விடை சொல்ல, தொடங்கிய வேகத்தில் மறைந்துபோன லீக்குகளின் கதையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1978 டிசம்பரில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. வரவு செலவுக்குப் போதவில்லை, 1981இல் முடிந்துவிட்டது. 1996இல் தொடங்கிய இன்னொரு லீக், மூன்றாவது பருவத்தின் நடுவிலேயே, 1998 டிசம்பரில் திவாலானது. 1997இல் தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ. மட்டும் இன்றும் நடக்கிறது. ஆடவர் லீக்கின் பணமும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் அதற்குத் துணை நின்றன.

ஆனால், இரண்டு லீக்குகள் வீழ்ந்த பிறகும் வீராங்கனைகள் வந்துகொண்டே இருந்தது எப்படி? அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று அங்கே 1972இல் சட்டம் வந்தது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய மாணவியர் மூன்று லட்சத்துக்கும் குறைவு; 1978க்குள் அது 20 லட்சத்தைத் தாண்டியது. லீக் கூரை என்றால், பள்ளிதான் அஸ்திவாரம்.

நம் சென்னையின் அனிதா பால்துரை, மகளிர் லீக் எதன் துணையும் இன்றி ஏறத்தாழ 18 ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினார். அவருக்கு வேலை தந்தது தென்னக ரயில்வே. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கடலுக்கு அப்பாலும் ஒரு பாடம் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தூரம்தான். இலங்கைப் பள்ளிகளில் மாணவியர் பரவலாக ஆடுவது, கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்து. 2009, 2018 ஆண்டுகளில் ஆசிய வாகை சூடிய இலங்கை அணிகளில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் பெண்.

வலைப்பந்தில் அணிக்கு ஏழு பேர். வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கையில் வந்த மூன்று நொடிக்குள் அடுத்தவருக்கு எறிந்துவிட வேண்டும். பந்து எழும்பாத எங்கள் மணல் திடலிலும் இதைப் பழக்கலாம். ஒரு கம்பம், ஒரு வளையம், ஒரு பந்து போதும். சிறு பிள்ளைகளுக்கு வளையத்தைத் தாழ்த்திக் கட்டலாம்.

லீக் தொடங்குவது நம் கையில் இல்லை. விளையாட்டுப் பாடவேளை நம் கையில் இருக்கிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் அதைக் கடன் வாங்கும்போது, முதலில் ஓரமாக உட்கார்ந்துவிடுபவர்கள் பெண் பிள்ளைகள். பையன்கள் மாலையில் கடற்கரையில் ஆடிக்கொள்வார்கள்; வீட்டு வேலைக்குத் திரும்பும் மாணவிக்கு அந்த 40 நிமிடம்தான் திடல். அதை அவளுக்கே விட்டுவைப்போம்.