கனடாவில் பனி தள்ளும் டிராக்டர் பிளேடு, மேலூர் வயலில் என்ன செய்கிறது?

அந்த ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு வீட்டு வாசல், முழங்கால் உயரத்துக்குப் பனி. தாத்தா வயசுள்ள ஒரு டிராக்டர், பின்னால் இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டபடி பனியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகும். கீழே கமெண்டில் யாராவது எழுதியிருப்பார்: "இது நம்ம ஊரு மாஸி மாதிரியே இருக்கே!"

மாதிரி என்ன, சொந்தக்காரனேதான். பின்னால் தொங்குகிற அந்தத் தகடும் நம்ம ஊரில் இருக்கிறது. மேலூர் பக்கம் அதை 'பிளேடு' என்பார்கள், 'லெவல் பிளேடு' என்றும் சொல்வார்கள். அங்கே அது பனியைத் தள்ளுகிறது. இங்கே கால்வாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வயலைச் சமப்படுத்துகிறது. அந்த வேலை சரியாக நடந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான், கிடைக்கிற கொஞ்சத் தண்ணீர் கதிர் முற்றும்வரை தாங்குமா என்பது.

ஒரு சமதளத்துக்கு ஏன் இவ்வளவு கவலை?

முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் 1895-லிருந்து வைகைப் பக்கம் வருகிறது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதான கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், சுமார் 45,000 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர் பகுதியும், திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் ஒருபோகம். இரண்டும் சேர்த்து 1,05,002 ஏக்கர், அதில் 85,563 ஏக்கர் மேலூர் பக்கம். ஒருபோகம் என்றால் வருஷத்துக்கு ஒரே நெல். வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில், அணையில் இருப்பு இருந்தால்தான் திறப்பு. திறக்கச் சொல்லி மேலூரில் விவசாயிகள் சாலைக்கு வருவது மதுரைக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மூலை இன்னொரு மூலையைவிட 10 செ.மீ. மேடாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரு சாண்கூட இல்லை, கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மேட்டில் இருக்கிற நாற்றின் காலும் நனைய வேண்டுமென்றால், வயல் முழுக்கச் சராசரியாக 5 செ.மீ. தண்ணீர் கூடுதலாக நிற்க வேண்டும். அது சுமார் 2 லட்சம் லிட்டர். நகரத்தில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் சொன்னால், 16, 17 லாரி. ஒரு ஏக்கருக்கு, ஒரு தடவை நிரப்ப மட்டும்.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தரும் கணக்கு இன்னும் மோசம். ஆசிய நெல் வயல்களில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சராசரி வித்தியாசம் 16 செ.மீ. என்கிறது. அதை ஈடுகட்ட 8 முதல் 10 செ.மீ. தண்ணீர் கூடுதலாகத் தேக்க வேண்டும். பயிருக்கு மொத்தமாகத் தேவைப்படும் தண்ணீரில் இது கிட்டத்தட்ட 10 சதவீதம்.

தண்ணீர் போனது மட்டும் நஷ்டம் இல்லை. பள்ளத்தில் நட்ட நாற்று மூழ்கி அழுகும். மேட்டில் தண்ணீர் நிற்காததால் களை முளைக்கும். போட்ட உரமும் பள்ளத்துக்கே ஓடும். அறுவடை சமயத்தில் ஒரே வயலில் ஒரு பக்கம் முற்றியிருக்கும், இன்னொரு பக்கம் பச்சையாக நிற்கும்.

பரம்பு இருக்கே, பிளேடு எதுக்கு?

நியாயமான கேள்விதான். தொழி உழவு முடிந்ததும் பரம்படித்து மட்டம் செய்வது காலங்காலமாக நடப்பது. ஆனால் பரம்புப் பலகை சேற்றைக் கொஞ்ச தூரம்தான் இழுக்கும். மேல் பரப்பு வழவழப்பாகிவிடும், அடியில் இருக்கிற சாய்வு அப்படியே இருக்கும். வடக்கு மூலை மண்ணைத் தெற்கு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், மண் காய்ந்திருக்கும்போது பிளேடு போட்டால்தான் ஆகும். அதாவது ஆடி, ஆவணியில், தண்ணீர் திறப்பதற்கு முன்பு.

இதில் கண்மாய் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-லேயே அரசு விதிகளைத் தளர்த்தியது. 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று இன்னும் எளிதாக்கியது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர் வரை எடுக்கலாம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு ஏக்கரில் பரப்பினால் 2 செ.மீ. கனம்கூட வராது. ஆனால் ஒரு டிராலிக்கு 3 கனமீட்டர் என்று வைத்தால் 25 நடை. 25 குவியல். அதைச் சரியாகப் பரப்பாமல் விட்டால், நீங்களே காசு கொடுத்து வயலில் 25 மேடு போட்ட மாதிரிதான்.

தூக்கும், ஆனால் அழுத்தாது

பிளேடின் சூட்சுமம் முழுக்க அது டிராக்டரோடு இணைகிற இடத்தில் இருக்கிறது. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க், ஆக மூன்று புள்ளி. 1920-களில் இதை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன். அதற்கு முன்னால் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். மூன்று புள்ளி இணைப்பு அந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தது. 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்த பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமானது.

பனியோடும் இந்தக் குடும்பத்துக்குப் பழைய உறவு உண்டு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர்களில்தான். சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை மாட்டி, சாதாரணப் பண்ணை டிராக்டரைப் பனிப்பாலைவனத்தில் ஓட்டினார்கள். அதற்கு அடுத்து வந்த மாடல் 35. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி 1035 இந்த 35-இன் வழிவந்தது. கமெண்ட் போட்டவர் சும்மா சொல்லவில்லை.

சரி, பிளேடுக்கு வருவோம். இந்த மாதிரிப் பழைய டிராக்டர்களில் ஹைட்ராலிக் பிளேடைத் தூக்கும், கீழே அழுத்தாது. லீவரை இறக்கினால் பிளேடு தன் சொந்த எடையில்தான் உட்காரும். அதனால் இறுகிய மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், அங்கே இறுகிய பனியில் வழுக்குகிற மாதிரியே. இங்கே டிரைவர்கள் முதலில் கல்டிவேட்டர் போட்டு மண்ணைக் கிளறிவிட்டுப் பிறகு பிளேடு மாட்டுவது இதற்காகத்தான். பிளேடு மேலே கல்லோ மண்மூட்டையோ கட்டுவது இன்னொரு வழி. டாப் லிங்கைக் கொஞ்சம் நீட்டினாலும் சுருக்கினாலும் தகடு மண்ணைக் கடிக்கிற கோணம் மாறும். வலது பக்கக் கையில் இருக்கும் லெவலிங் பாக்ஸைச் சுற்றினால் ஒரு முனை தாழும், மறுமுனை ஏறும்.

பிளேடை நேராக வைத்தால் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். சாய்த்துத் திருப்பினால் ஓரமாக ஒதுக்கும். பனி தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இரண்டாவது. இங்கேயும் வரப்போரம் மண் சேர்க்க அதுவே முறை. ஆனால் 6 அடி பிளேடை 30 டிகிரி திருப்பினால் அது கூட்டுகிற அகலம் சுமார் 5.2 அடிதான். டிராக்டரின் பின்சக்கர அகலத்தைவிடக் குறைந்துவிட்டால், ஒதுக்கிய மண் மேலேயே சக்கரம் ஏறும்.

ஒரு குறை மட்டும் பனிக்கும் மண்ணுக்கும் பொது. பிளேடு பின்னால் இருக்கிறது, சக்கரம் முதலில் போகிறது. அங்கே டயர் பனியை அமுக்கிக் கெட்டியாக்கிவிட்ட பிறகுதான் தகடு வரும். அதனால் வாசலில் இரண்டு வெள்ளைக் கோடு மிஞ்சும். வயலில் அதே மாதிரி இரண்டு சக்கரத் தடம்.

வயல் ஏன் அலை அலையாகிறது?

புது டிரைவர் பிளேடு போட்ட வயலைப் பார்த்தால் சில சமயம் முன்பைவிட மோசமாக இருக்கும். திறமைக் குறைவு என்று திட்டுவார்கள். பாதிதான் உண்மை. மீதி டிராக்டரின் அமைப்பிலேயே இருக்கிறது.

டிராக்டரை ஏற்றம் இறக்கமாக ஆடுகிற பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் மூக்கு எழும்பும், பின்னால் தொங்குகிற பிளேடு இறங்கி மண்ணைத் தோண்டும். அடுத்த நொடி பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும், பிளேடு எழும்பி மண்ணைக் கொட்டிவிடும். ஆக ஒரு மேட்டுக்குப் பதிலாக ஒரு பள்ளமும் ஒரு புது மேடும். அடுத்த தடவை அதே தடத்தில் வந்தால் அலை இன்னும் பெரிதாகும். இதற்கு மருந்து, ஒரே திசையில் திரும்பத் திரும்ப ஓட்டாமல் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் ஓட்டுவது. கியர் சின்னதாக, வேகம் குறைவாக. பழைய மாஸியில் இரண்டு லீவர் இருக்கும், கலப்பைக்கு உள்ள டிராஃப்ட் லீவரை விட்டுவிட்டு, பொசிஷன் லீவரில் பிளேடைப் பிடிக்க வேண்டும்.

லேசர் லெவலர் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி தீர்க்கிறது. அதன் தொட்டிக்குத் தனிச் சக்கரம் உண்டு. டிராக்டர் ஆடினாலும் லேசர் கதிரைப் பார்த்துத் தகடு தானே ஏறி இறங்கும். கிடைத்தால் அதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அரை ஏக்கர், கால் ஏக்கராக வரப்பு போட்டுப் பிரித்த வயலில் அது திரும்புவதற்கே பாதி நேரம் போய்விடும். மேலூர் மாதிரிப் பகுதியில் பழைய டிராக்டரும் பிளேடும் இன்னும் சில காலம் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேட்டை வெட்டும்போது மேல்மண்ணும் சேர்ந்து போய்விடும். அந்த இடத்தில் முதல் வருஷம் பயிர் மஞ்சளடித்து நிற்கும். கண்மாய் மண்ணையும் தொழுவுரத்தையும் முதலில் போட வேண்டியது அங்கேதான். வயல் முழுக்கச் சமமாகத் தூவிவிட்டால் மற்ற இடத்துக்கு நல்லது, வெட்டுப்பட்ட இடத்துக்குப் போதாது.

பிடிமானமும் ஆபத்தும்

புதுப் பனி ஒரு கனமீட்டர் 100 கிலோவோ அதற்கும் குறைவோதான். காய்ந்த மண் 1,200 கிலோவைத் தாண்டும். எடை குறைவு என்றாலும் அங்கே டயர் வழுக்கும், அதனால் சங்கிலி கட்டுகிறார்கள். நாம் சேற்றில் கேஜ் வீல் மாட்டுகிற மாதிரி. பிடிமானத்துக்காகப் பின் டயருக்குள் தண்ணீர் ஏற்றுவது இரண்டு ஊரிலும் உண்டு. குளிர்நாட்டில் அது உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

ஆபத்து மட்டும் எங்கேயும் ஒன்றுதான். பிளேடு வேலையில் டிரைவர் முன்னால் ஓட்டிக்கொண்டே பின்னால் பார்க்கிறார். பிளேடைத் திருப்பிப் போட்டு ரிவர்ஸில் தள்ளும்போது, மண்ணில் புதைந்த வேரோ கல்லோ இடித்தால் இணைப்புக் கை வளைந்துவிடும். வயலில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க நிற்பது நம்ம ஊர் வழக்கம். பிளேடு ஓடும்போது அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வரப்பை ஒட்டியோ கண்மாய்க் கரையிலோ ஓட்டும்போது ஒரு சக்கரம் சறுக்கினால் போதும், பழைய டிராக்டர்களில் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது.

இன்னொன்று, பலரும் அசட்டையாக விடுவது. பழைய ஹைட்ராலிக்கில் சீல் தேய்ந்திருக்கும். என்ஜினை நிறுத்தினால் தூக்கிய பிளேடு மெல்ல இறங்கும், சில சமயம் சட்டென்றும் விழும். போல்ட் மாற்ற அதன் அடியில் கையோ காலோ வைக்கக் கூடாது. வண்டியை நிறுத்துவதற்கு முன் பிளேடைத் தரையில் இறக்கிவிடுங்கள்.

இந்த வருஷம் தாமதமாகிவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்றால்?

காய்ந்த மண்ணில் பிளேடு போட இனி அறுவடை வரை முடியாது. ஆனால் ஒரு வேலை இப்போதே செய்யலாம். தண்ணீரைவிடத் துல்லியமான மட்டப்பலகை கிடையாது. முதல் தண்ணீர் பாய்ச்சி, வயலில் லேசாகத் தேங்கியதும் வரப்பில் நின்று பாருங்கள். தலைதூக்கி நிற்கிற மேட்டிலெல்லாம் ஒரு குச்சி ஊன்றுங்கள். நான்கு மூலையிலிருந்தும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தை, மாசியில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும், பிளேடு போட வருகிற டிரைவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் படத்தைத்தான்.