சாளரத்தில் ஒரு சோற்றுக் கற்றாழை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சோற்றுக் கற்றாழையை எவரும் முயன்று வளர்ப்பதில்லை. வேலியோரத்திலும் கல்லாங்காட்டிலும் கேட்பாரின்றி அது தானே வளர்கின்றது. ஆயின் தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ மாடிக் குடியிருப்பில் வாழும் தமிழன்பர் அதே செடியைத் தொட்டியில் வைத்து, நாள்தோறும் நீர் வார்த்துப் பேணுகையில், சில மாதங்களிலேயே அது அழுகி மடிவதைக் காண்கின்றோம். இதற்குக் காரணம் யாது? செடியின் இயல்பை அறிந்தால் விடை எளிதில் விளங்கும்.

இச்செடியின் தாயகம் அரேபியத் தீபகற்பம் என்பர் தாவர நூலார். மழை அரிதான அந்நிலத்தில், கிடைத்த நீரை மடலிலே சேமித்து வைத்து வாழ இது பழகிக்கொண்டது. மடலின் உள்ளிருக்கும் சோற்றில் 100-க்கு 98 பங்குக்கு மேல் நீரேயாகும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. கற்றாழையோ வெயில் தணிந்த இரவிலே துளைகளைத் திறந்து, பகலில் மூடிக்கொள்கின்றது. எனவே அதன் நீர் வீணே ஆவியாவதில்லை. நம் ஊர்க் கடைவாயில்களில் கண்ணேறு கழியவெனத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணும் நீருமின்றிப் பல வாரங்கள் பசுமை மாறாதிருப்பது இதனாலேயே. இத்தகைய செடிக்கு நீர்ப்பஞ்சம் பெரும்பகையன்று. நீர் மிகுதியே பகை.

செடியை வாங்குமுன் அந்தந்த மாநிலத்துப் பெயரை அறிந்துகொள்ளுதல் நலம். இந்தியில் குவார்பாட்டா அல்லது கிருதகுமாரி என்றும், மராத்தியில் கோர்பட் என்றும், தெலுங்கில் கலபந்த என்றும், கன்னடத்தில் லோளெசர என்றும் வழங்குவர். வங்காளியரும் கிருதகுமாரி என்றே கூறுவர். சித்த மருத்துவர் கூறும் குமரி என்னும் பெயருக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஆனைக் கற்றாழை வேறு இனம். நார் மிகுந்து, நுனியில் கடிய முள்ளுடைய அதன் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் தரும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தொட்டி மண்ணாலானதாயின் மிக நன்று. அதன் பக்கங்கள் வழியாகவும் ஈரம் உலரும். அடியில் துளை இன்றியமையாதது. துளைமேல் ஓட்டுச் சில்லொன்றை வைத்து, தோட்டமண், பருமணல், மக்கிய இலையுரம் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து நிரப்புக. சிறு செங்கற்சல்லி சேர்ப்பின் நீர் விரைந்து வடியும். கடற்கரை மணலில் உப்பு இருத்தலின் அதனை விலக்குக.

அடுத்தது ஒளி. சென்னையில் கோடைத் திங்கள் சிலவற்றில் நண்பகற் கதிரவன் உச்சிக்கு வடபுறம் செல்கின்றான். தில்லியிலோ ஆண்டு முழுவதும் நண்பகலில் அவன் தென்புறமே நிற்கின்றான். குளிர்காலத்தில் தாழ்ந்து நிற்பதால் தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் அறைக்குள் நெடுந்தொலைவு வரும். ஆகவே வடநாட்டில் கற்றாழைக்குத் தெற்குச் சாளரமே தக்க இடம். கிழக்குச் சாளரமும் நன்றே. மே, ஜூன் மாதங்களின் மேற்கு வெயில் மட்டும் மடலைக் கருக்கிவிடும். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் கடுவெயிலுக்கு மாற்றாது, சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும்.

நீர் வார்ப்பதற்குக் கிழமைக் கணக்கைவிட விரற்கணக்கே சிறந்தது. விரலை இரண்டங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருப்பின் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருப்பின், அடித்துளையில் வடியுமளவு வார்த்து, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுக. மடல்கள் கூடும் குருத்தில் நீர் நிற்கலாகாது. தில்லிக் கோடையில் வாரத்திற்கு ஒரு முறை தேவைப்படலாம். குளிர்காலத்தில் மாதத்திற்கு ஒரு முறையே போதியதாகலாம். உறைபனி மடலைக் கொல்லுமாதலின், கடுங்குளிர் இரவுகளில் வெளிமாடத்துச் செடியை உள்ளே கொணர்தல் வேண்டும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைச்சாரல் படாத இடத்தில் வைப்பதே முதற்காப்பு. கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் காற்றே ஈரமாதலின் மண் மெல்லவே உலரும்.

செடி தன் குறையைத் தானே தெரிவிக்கும். மடல் மெலிந்து உட்குழிந்தால் அது தாகம். அடிப்புறம் குழைந்து நீர்கோத்ததுபோல் தோன்றின் அழுகல்; உடனே பெயர்த்தெடுத்து, கெட்ட வேரை அறுத்து, சில நாள் உலரவிட்டுப் புதுமண்ணில் நடுக. வெளிறி நீண்டு சாய்ந்தால் ஒளி போதவில்லை. வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி காணின், சாராவியில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

இனி, பயன் பற்றிய எச்சரிக்கை. மடலின் தோலுக்கும் சோற்றுக்கும் இடையே மஞ்சள் நிறக் கசப்புப் பால் ஒன்றுண்டு. அதை உலர்த்தியதே நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம், மூசாம்பரம் என விற்கப்படுவது. அது கடும் பேதியை உண்டாக்கும். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை, மருத்துவச் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையை அனுமதிப்பதை நிறுத்தியது. கருவுற்ற பெண்டிரும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தைகளும் இதனை உட்கொள்ளலாகாது. ஏனையோரும் மருத்துவரைக் கேளாது உண்ணுதல் தகாது. நாய், பூனைகளுக்கும் இச்செடி தீங்கு செய்யும்.

மேற்பூச்சுக்கு வேண்டின், முதிர்ந்த வெளிமடலொன்றை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழாகச் சிறிது நேரம் நிறுத்தி, மஞ்சட்பால் வடிந்தபின் கழுவித் தோல் நீக்குக. முதலில் முழங்கைப் பக்கம் சிறிது தடவி, அரிப்புத் தோன்றாமையை அறிந்துகொள்ளுங்கள். அடுப்படியில் கை சுட்டுவிட்டால், முதலில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே சிகிச்சை. சோறு பூசுவது அதன்பின், அதுவும் சிறு காயத்துக்கே. கொப்புளம் பரந்திருந்தாலும், முகத்தில் பட்டிருந்தாலும், சுட்டது குழந்தையை ஆயினும் தாமதமின்றி மருத்துவமனையை நாடுக.

நன்கு பேணப்பட்ட தாய்ச்செடி தன் அடியில் கன்றுகளை ஈனும். அவை நான்கங்குலம் வளர்ந்தபின், வேருடன் பிரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவைத்து நடுக. ஒரு வாரம் நீர் வார்க்க வேண்டா. வெட்டிய மடலை நட்டால் அது பெரும்பாலும் அழுகிப்போகும்; கன்றே உறுதியான வழி. பணிமாற்றம் பெற்று ஊர்விட்டு ஊர் செல்வோர் பெருந்தொட்டியைச் சுமக்க வேண்டுவதில்லை. ஒரு கன்றைக் காகிதத்திற் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டால், பல நாட் பயணத்தையும் தாங்கும். தாய்ச்செடியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லலாம்; அவர்கள் எம்மொழியினராயினும் அதற்கு அவர்களிடமும் ஒரு பெயர் இருக்கும்.