கரும்பொடிக்குக் கண்ணாடிச் சட்டை

கிட்ட வாங்கோ, முகவைக்குள்ளே பாருங்கோ! செம்மஞ்சளாய்த் தெரிவது இரும்பு உப்புக் கரைசல்: பெரிக் உப்பு இரண்டு பங்கு, பெரஸ் உப்பு ஒரு பங்கு. அமோனியாவை ஊற்றியதுதான் தாமதம், மூக்கைத் துளைக்கும் நெடியோடு எல்லாம் கன்னங்கரேலென்று மாறிவிடும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அந்த நொடி சலிப்பதில்லை. கறுத்து வந்தது மக்னடைட். ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 10 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் ஓர் இலட்சம் துகளை வரிசையாக நிறுத்தலாம். அடியில் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் கீழே ஓடி ஒட்டிக்கொள்ளும். இந்த வழியால் நீரிலேயே நிலைத்து நிற்கும் காந்தத் திரவம் செய்து 1981இல் காட்டியவர் பிரான்சின் ரெனே மசார்.

ஆனால் வெறும் துகள் பொல்லாதது. நடுநிலை நீரில் அதன் மேற்பரப்பில் மின்னேற்றம் அநேகமாக இராது; விலக்கும் விசை இல்லாததால் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். காற்றுப் பட்டால் மெல்லப் பழுப்பேறும். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவோ அதே நீரில் மறை ஏற்றத்தோடு நிற்கும். அதைப் போர்த்திவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும்.

எதனோலில் அமோனியாவின் துணையோடு சிலிக்காவை வளர்க்கும் வித்தையை 1968இல் ஸ்டோபர், பிங்க், போன் மூவரும் தந்தார்கள். மக்னடைட்டை நேரே எதனோலில் இட்டால் திரண்டுவிடுமே, என்ன செய்வது? முதலில் நீரிலேயே, நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேற்றால் மெல்லியதோர் உள்ளாடை. பிறகு எதனோலில் தடித்த மேலாடை. இந்த இரட்டைப் போர்வையை 1994இல் நெதர்லாந்தின் உட்ரெக்டிலிருந்து வெளியிட்டவர்கள் பிலிப்ஸே, வன் பிரூகன், பத்மமனோகரன். ஆம், மூன்றாவது பெயர் நம்முடையது! ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அதைக் கண்டபோது துள்ளிக் குதித்தேன்.

துள்ள இன்னொரு காரணமும் உண்டு. நீர்க்கண்ணாடி உமியிலிருந்தும் வரும். கிளிநொச்சியின் உருத்திரபுரத்து வயல்களில் காலபோகம் முடிந்து நெல் ஆலைக்குப் போனால், நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமியாகக் கழியும். எரித்தால் உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குவரை சிலிக்கா! சூடுதான் முக்கியம். சுமார் 700 பாகை செல்சியசைத் தாண்டாமல் எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற வடிவிலேயே இருக்கும். சோடியம் ஐதரொட்சைட்டில் கொதிக்கவைக்கக் கரைந்து நீர்க்கண்ணாடியாகும். மிஞ்சி எரித்தால் பளிங்காக இறுகிக் கரைய மறுக்கும்.

போர்வை விழுந்ததா என்று பார்க்கும் இடம்தான் எனக்கு உயிர். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கரிய கரு, சுற்றிலும் வெளிறிய வளையம். அடுத்தது காந்தமானி: மாதிரியைக் காந்தப் புலத்தில் அதிரவைத்து, சுருளில் எழும் மின்னழுத்தத்தை அளப்பார்கள். புலத்தை ஏற்றி இறக்கும்போது சாதாரண இரும்பு ஒரு கண்ணி வரையும். நம் துகள்கள் போன வழியே திரும்பி வரும். புலத்தை எடுத்ததும் காந்தம் மீதமில்லை, ஆகவே மறுபடி நீரில் பரவிவிடும். பெருந்துண்டு மக்னடைட்டின் உச்சக் காந்தமாக்கம் கிராமுக்கு 92 இ.எம்.யு.; நனோத்துகளில் குறைவு; போர்த்திய பின் இன்னும் குறைவு. குறைந்தால் கவலை வேண்டாம், கை தட்டுங்கோ! கிராமில் ஒரு பங்கைக் காந்தமில்லாத சிலிக்கா பிடித்துக்கொண்டது என்றுதான் அதற்குப் பொருள்.

கடைசிச் சோதனைக்கு இயந்திரமே வேண்டாம். ஐதரோகுளோரிக்கமிலத்தில் போடுங்கோ. வெறும் மக்னடைட் கரைந்து நீர் மஞ்சளாகும். நன்றாகப் போர்த்தியது கறுப்பாகவே நிற்கும். மெல்ல மஞ்சள் கசிந்தால் எங்கோ ஓட்டை.

இத்தனை பாடும் எதற்கு? 1990இல் பூம் என்பவரின் குழு, குவானிடினியம் தயோசயனேற்று உப்பு இருந்தால் டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் சிலிக்காவில் ஒட்டும், உப்பைக் கழுவினால் விட்டுவிடும் என்று காட்டியது. காந்தக் கருவுள்ள சிலிக்கா மணிகள், பெரும்பாலும் நம் துகளைவிடப் பெரியவை, அந்த வேலையை இன்று பரிசோதனைக்கூடங்களில் செய்கின்றன. கொரோனாக் காலத்தில் பீ.சீ.ஆர். முடிவுக்காக நாம் நகம் கடித்துக் காத்திருந்தபோது, பல கூடங்களில் சளி மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிடித்துத் தந்தவை இத்தகைய மணிகளே.

உமி உருத்திரபுரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இதே கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இருக்கின்றன. பிள்ளையள், அடுத்த செயற்றிட்டத்துக்கு ஆலையில் ஒரு சாக்கு உமி கேட்டுப் பாருங்கோ!