கணைக்காலை அளந்தவர்கள்

வறுத்தரைத்த கோழிக்கறியில் தொடைத்துண்டை எடுத்தால், மூட்டை ஒட்டிய எலும்பு சில நேரம் கறுத்திருக்கும். கெட்ட கறி என்று இலையோரம் ஒதுக்குகிறவர்களை ஆரல்வாய்மொழி கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். கெட்டதல்ல, பிஞ்சு எலும்பு. ஆறு வாரத்தில் அறுபடும் பிராய்லருக்கு எலும்பு இறுகியிருக்காது. மஜ்ஜையின் நிறமி அதன் நுண்துளைகள் வழியே கசிந்து, வெந்ததும் கறுத்துவிடுகிறது.

ஆறு வாரத்தில் அறுக்கும் அளவு வளர்வதைப் பார்த்து, பிராய்லரை ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று இன்னும் பேசுகிறோம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்து இறைச்சிக் கோழி வம்சங்களை ஒரே தீனி கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாளில் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீனி ஒன்றுதான், வம்சம்தான் வேறு. தலைமுறை தலைமுறையாகக் கனத்த கோழியையே பொறுக்கி இணைசேர்த்ததன் பலன் இது.

சதை ஏறிய வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்கவில்லை. எலும்பின் முனையில் குருத்தெலும்பு வளர்ந்து, அதற்குள் இரத்தக்குழாய் நுழைந்து, சுண்ணாம்புச்சத்து படிந்தால்தான் அது எலும்பாகும். வேகமாக வளரும் கோழிகள் சிலவற்றில், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனையில் குருத்தெலும்பு கட்டியாகவே தங்கிவிடும். எலும்பு வளையும், கோழி நொண்டும். அதற்கு வலிக்குமா? 2000இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் இரண்டு நிறத் தீனி வைத்தார்கள். ஒன்றில் வலிமருந்து கலந்திருந்தது. நல்ல கோழிகளைவிட நொண்டிக் கோழிகள் அந்தத் தீனியைக் கூடுதலாகத் தின்றன. நொண்டல் முற்ற முற்ற இன்னும் கூடுதலாகத் தின்றன. இதைப் படித்த பிறகு தட்டிலிருக்கும் தொடைத்துண்டை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

எடையும் கால்கோளாறும் பிறப்பிலேயே ஓரளவு பிணைந்தவை. ஆனால் அறுக்க முடியாத பிணைப்பல்ல. பெரிய இனப்பெருக்க நிறுவனங்கள் கையடக்க எக்ஸ்ரே கருவியால் பெற்றோர்க் கோழிகளின் காலைப் பார்த்து, கட்டி உள்ளவற்றைக் கழிக்கின்றன. இதில் எனக்குப் பிடித்த வேலை நடந்தது ஹைதராபாத்தில், மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தில். புறக்கடை வளர்ப்புக்கான வனராஜா கோழியை உருவாக்கியபோது, அதன் தந்தை வம்சத்துக்கு ஆறாவது வாரத்துக் கணைக்கால் நீளத்தையே தேர்வு அளவாக வைத்தார்கள். நீண்ட கணைக்கால் உள்ள கோழி எடையிலும் தாழ்வதில்லை, நாயும் கீரியும் துரத்தினால் ஓடவும் செய்யும்.

கால் பலம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. உலகப் பிராய்லர்களின் தந்தை வழியில் வரும் கார்னிஷ் இனம், இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் நம் அசில் கோழியைக் கலந்து உண்டானது. கட்டுச்சேவலாக நாம் வளர்க்கும் அதே அசில். அதன் கணைக்காலைக் கையில் பிடித்தவருக்குத் தெரியும், பிடிக்குள் அது அசையாது.