பெர்கன்: மழை காக்கும் மரத்தெரு

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் துறைமுகத்துக்குக் காலையில் வந்து மாலையில் புறப்படும் சொகுசுக் கப்பல்களின் பயணிகளுக்கு அந்நகரைக் காண ஒரு பகல்பொழுதே கிடைக்கிறது. அப்பகலும் பெரும்பாலும் மழையில் நனைந்தே கழிகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நகரைச் சூழ்ந்த மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால், ஆண்டுக்கு இருநூறு நாள்களுக்கு மேல் மழை பெய்கிறது. அதன் அளவும் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஆயினும் பயணிகள் தேடிவரும் பழைய மரத்தெரு இன்றும் நிலைத்திருப்பதில் அம்மழைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், குடையோடு கரையிறங்குபவர் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

ஸ்கோல்டன் துறையில் இறங்கி, 13ஆம் நூற்றாண்டில் ஹாகோன் மன்னர் எழுப்பிய கல்மண்டபத்தைக் கடந்து சற்று நடந்தால், பிரிகன் எனப்படும் பழைய வணிகத்துறையை அடையலாம். வட ஜெர்மானிய நகரங்களின் வணிகர் கூட்டமைப்பான ஹன்சா, 1360 வாக்கில் இங்கே தன் வணிக நிலையத்தை நிறுவியது. லோஃபோட்டன் தீவுகளில் உப்பிடாமல் குளிர்காற்றிலேயே உலர்த்தப்பட்ட காட் மீன் கருவாடு இங்கு வந்துசேர, அதற்கு ஈடாகத் தானியம் வடக்கே சென்றது. லண்டன், புரூஜஸ், நோவ்கோரோட் ஆகிய நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் இருந்தபோதிலும், கட்டடங்களோடு எஞ்சியிருப்பது பெர்கன் மட்டுமே. 1702ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தபின் பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டப்பட்ட இத்தெரு, 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வண்ணப் பலகை முகப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோர் பிரிகனைக் கண்டவராக மாட்டார். முகப்புகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்துகளில் நுழைந்து, பலகை பாவிய தரையையும், தலைக்குமேல் நீண்டிருக்கும் மாடத் தாழ்வாரங்களையும், மூட்டைகளை மேலேற்றுவதற்கான உத்திரங்களையும் பார்க்க வேண்டும். தீக்கு அஞ்சி இக்கட்டடங்களில் நெருப்பு மூட்டுவது தடுக்கப்பட்டிருந்தமையால், மணம் செய்துகொள்ள அனுமதிக்கப்படாத வணிகரும் அவர்களிடம் தொழில் பயின்ற சிறுவரும் சமைத்து உண்ணவும் குளிர்காயவும் பின்புறத்தில் தனிக் கூடங்கள் இருந்தன. மரியா தேவாலயத்தின் அருகே அவை இன்று அருங்காட்சியகமாக உள்ளன. ஒரு மணி நேரமேனும் அங்கே செலவிடுதல் தகும். மீன் சந்தையையும், 1918 முதல் ஃப்ளோயன் மலைக்கு ஓடும் கம்பிவட இரயிலையும் எஞ்சிய நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தெருவின் ஒரு பகுதி 1955இல் எரிந்தபின் நடந்த அகழாய்வு, அதன் அடியில் மற்றொரு நகரமே புதைந்திருப்பதை வெளிக்கொணர்ந்தது. பழைய வடஐரோப்பிய எழுத்தான ரூன் பொறித்த நூற்றுக்கணக்கான மரக்குச்சிகள் அங்கே கிடைத்தன; அவற்றுள் சில சரக்கின் உரிமையாளரைக் குறிக்கும் அடையாளங்கள், ஒன்று கீடா என்னும் பெண் யாரையோ வீட்டுக்குப் போகச் சொல்லும் செய்தி. மெல்லிய மரக்குச்சியில் கீறிய எழுத்து பல நூற்றாண்டுகள் தாங்கியதற்குக் காரணம், நீரில் ஊறிய மண்ணில் உயிர்வளி புகாததும், அதனால் மரத்தை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகாததுமாகும்.

கவலைக்குரிய செய்தியும் இதிலேயே அடங்கியுள்ளது. கடலைத் தூர்த்துத் தூர்த்து முன்னேறிய பிரிகனின் அடித்தளம் பழைய மரக்கட்டைகளாலும் தீயின் சிதைவுகளாலும் குப்பையாலும் ஆனது. அண்மைக் காலக் கட்டுமானங்களால் நிலத்தடி நீர் வடிந்தபோது அவ்வடுக்குகள் மட்கிச் சுருங்கின. சில இடங்களில் நிலம் ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கப்பல் பயணிகளின் நெரிசலே பெரும் இடர் என்று நகரத்தார் சிலரும், அவர்களின் செலவால்தான் கடைகள் நடக்கின்றன என்று வணிகரும் கூறுவதுண்டு. ஆனால் நெரிசலைக் கட்டுப்படுத்த ஒரு விதி போதும், மட்கிப்போன அடுக்கையோ எவ்விதியாலும் மீட்க இயலாது.

ஆகவே 2011 முதல் சில ஆண்டுகள் நடந்த திட்டத்தில், வடிகாலுக்குள் ஓடிவிடும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ஆழமற்ற புல்வாய்க்கால்களும், நீரைத் தேக்கி மெல்ல உறிஞ்சும் மழைத்தோட்டங்களும் கட்டடங்களின் பின்புறத்தில் அமைக்கப்பட்டன. நீர்மட்டம் உயர்ந்தது, நிலம் தாழும் வேகமும் குறைந்தது. பயணிகளை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு வழிகாட்டியும் முகப்புகளோடு நின்றுவிடாமல், அப்புல்வாய்க்கால்களையும் காட்டி, அவற்றின் வேலையை விளக்கிச் சொல்ல வேண்டும்.