கேட்டவர்கள் கண்ட மாமல்லை: அன்றும் இன்றும்

கடல் வழியாக வந்தவர்களுக்கு மாமல்லபுரம் முதலில் ஒரு கரையடையாளம். சோழமண்டலக் கரை நெடுக மணலாகவும் தாழ்வாகவும் கிடக்கும். அதில் ஒரு குன்றும் கோயில் விமானமும் தலைதூக்கினால், எங்கே இருக்கிறோம் என்பது மாலுமிக்குப் புரிந்துவிடும். பால்டிக் கடலில் தாலின் நகரத்துக்கு வந்த கப்பல்களுக்குப் புனித ஓலாஃப் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் எப்படியோ, வங்கக் கடலில் வந்தவர்களுக்கு மாமல்லை அப்படி. 'செவன் பகோடாஸ்', அதாவது ஏழு கோயில்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அலைவாய்க் கரையில் நிற்பது ஒரே ஒரு கோயில் தொகுதிதான். மற்றவை எங்கே என்ற கேள்வி, வந்து போன பயணிகளையெல்லாம் பிடித்துக்கொண்டது.

அந்தக் கேள்விக்கு ஊரிலேயே ஒரு பதில் இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் யார், கேட்காமல் கடந்து போனவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான், இங்கே அன்று வந்தவர்களுக்கும் இன்று வருபவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகிறது.

எழுதி வைத்தவர்கள்

மாமல்லையைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக முதலில் எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் சேம்பர்ஸ். 1772இலும் 1776இலும் இங்கே வந்தார். பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதிய கட்டுரை, 1788இல் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியானது. சிற்பங்களைப் பற்றிய அவருடைய பல ஊகங்களைப் பின்வந்த ஆய்வாளர்கள் திருத்திவிட்டார்கள். இன்றும் பேசப்படுவது, ஊர்ப் பெரியவர்கள் சொன்னதாக அவர் குறித்து வைத்த ஒரு செய்திதான். கடலுக்குள் வெகுதூரத்தில் சில கோயில்களின் உச்சிகளைத் தங்கள் கண்ணால் பார்த்ததாக முதியவர்கள் சொன்னார்களாம். அவற்றின் மேல் செம்புத் தகடு வேய்ந்திருந்ததால் சூரியன் உதிக்கும் நேரத்தில் பளபளக்கும். பிறகு செம்பில் களிம்பேறி அந்த ஒளி போய்விட்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

சேம்பர்ஸ் இதை அப்படியே பதிவு செய்தார். கடல் கொண்ட நகரத்தின் கதை இங்கிலாந்துவரை போயிற்று. கவிஞர் ராபர்ட் சதே 1810இல் வெளியிட்ட நெடுங்கவிதை ஒன்றில் மூழ்கிய மாபலியின் நகரம் இடம்பெற்றது.

1803இல், நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் உதவியாளர் காவலி லட்சுமய்யா இங்கே வந்து, ஊர்வழக்கில் இருந்தவற்றைக் கேட்டுத் தெலுங்கில் எழுதினார். சிற்பங்களின் பெயர், கதை, எந்த இடத்தை யார் எப்படி அழைக்கிறார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் ஏட்டில் ஏறியது. பெஞ்சமின் பாபிங்டன் 1830இல் வெளியிட்ட கட்டுரையில் இங்குள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டுகளைப் படித்துக் காட்டினார். சிதறிக் கிடந்த இந்தக் குறிப்புகளையெல்லாம் கேப்டன் கார் 1869இல் ஒரே நூலாகத் தொகுத்தார். பயணிகளின் எழுத்துதான் இந்த ஊர் ஆராய்ச்சிக்கு முதல் கல் எடுத்து வைத்தது.

நம் பக்கமும் சளைத்ததல்ல. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது, செல்வமும் யானைகளும் மணிகளும் ஏற்றிப் பாரம் தாங்காமல் தாழ்ந்து நிற்கும் மரக்கலங்களைக் காட்டுகிறார். இன்று துறைமுகம் இல்லை. அந்தப் பாசுரம் இருக்கிறது.

வந்த வழி

அன்றைய பயணிக்கு ஊர்க்காரரிடம் பேசாமல் இருக்க வழியே இல்லை. சென்னையிலிருந்து வருபவர்கள் பக்கிங்காம் கால்வாயில் படகு பிடிப்பார்கள். இரவெல்லாம் படகில் தூங்கி, விடியலில் கரையேறிக் குன்றை நோக்கி நடப்பார்கள். படகோட்டியே வழிகாட்டி. செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்குபவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டுவண்டியில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வரவேண்டும். நடுவே திருக்கழுக்குன்றத்தில் வண்டி நிற்கும். உச்சிவேளையில் வந்து பூசாரி கையால் உணவு வாங்கிப் போகும் கழுகுகளைப் பார்க்காமல் யாரும் நகர்ந்ததில்லை. அந்த ஊர் மலையின் ஒருகல் மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களையும் வந்த ஆண்டையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பயணக் குறிப்பைக் கல்லிலேயே எழுதிவிட்டுப் போனவர்கள்!

கால்வாய்ப் பயணம் மெல்லத் தேய்ந்து, 1960களின் புயல்களுக்குப் பிறகு நின்றே போனது. திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளும் 1990களின் இறுதியோடு வருவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின், சென்னையில் காலைச் சிற்றுண்டியை முடித்துக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதங்களின் முன்னால் நிற்கலாம். முதியவர்களும் குழந்தைகளும் சிரமமில்லாமல் வந்து பார்க்க முடிகிறது. இது பெரிய நன்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேகத்தோடு ஒரு பழக்கமும் போய்விட்டது. வழியில் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லாமல் போனது.

கல்கிக்குப் பின்

தமிழ்ப் பயணிகளின் பார்வையை மாற்றியவர் கல்கி. ரசிகமணி டி.கே.சி. முதலிய நண்பர்களோடு மாமல்லபுரக் கடற்கரையில் இருந்தபோதுதான் 'சிவகாமியின் சபதம்' தன் மனத்தில் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். 1940களில் அந்தத் தொடரை வாரந்தோறும் படித்த குடும்பங்கள், அதில் வரும் ஆயனச் சிற்பியைத் தேடி இங்கே வந்தன. அதுவரை வெள்ளைக்காரத் துரைமார் அளந்து எழுதிய இடமாக இருந்தது, தமிழர் தங்கள் கதை நடந்த இடமாக உரிமையோடு பார்க்கும் ஊராயிற்று.

1957இல் இங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அதன் வளர்ச்சி. அதை நெடுங்காலம் வழிநடத்திய வை. கணபதி ஸ்தபதி, குமரி முனையில் 133 அடித் திருவள்ளுவரை நிறுத்தியவர். பழைய சிற்பத்தைப் பார்க்க வந்தவன், புதிய சிற்பம் பிறப்பதையும் பார்க்க முடிந்தது இதனால்தான். 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் மாமல்லபுரம் இடம்பெற்றது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கடல் சொன்ன பதில்

கடலுக்குள் கோயில்கள் உண்டு என்ற ஊர்ப்பேச்சு கட்டுக்கதையாகவே நெடுநாள் ஒதுக்கப்பட்டது. 2002இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் சேர்ந்து இங்கே மூழ்கிப் பார்த்தன. கரையிலிருந்து சில நூறு மீட்டரில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், செதுக்கிய கற்களும் சுவர் போன்ற அமைப்புகளும் படிகளும் தென்பட்டன.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஆழிப்பேரலைக்கு முன்னால் கடல் உள்வாங்கியபோது, கரையில் நின்றவர்கள் வரிசையாகக் கற்கள் தலைநீட்டியதைப் பார்த்தார்கள். அலை திரும்பியபின், மணல் அரித்துப்போன இடங்களில் பாறைச் சிற்பங்கள் வெளிப்பட்டன. 2005இல் இந்தியத் தொல்லியல் துறை கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே இன்னொரு கோயிலின் எச்சங்களைக் கண்டது. அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் அலை அம்பலப்படுத்திய பாறைக் கல்வெட்டுகள் திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைப் பேசின. அங்கே தோண்டியதில் பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்தைய செங்கற் கோயில் கிடைத்தது.

செம்பு வேய்ந்த கோபுரங்கள் கிடைத்துவிட்டன என்று யாரும் சொல்லவில்லை. நீருக்கடியில் இருப்பவை எந்தக் காலத்தவை என்ற விவாதம் முடியவில்லை. ஆனாலும் கரையைக் கடந்து இந்த ஊர் நீண்டிருந்தது, கோயில்கள் மணலுக்குள்ளும் அலைக்குள்ளும் போயின என்ற ஊரார் சொல்லின் உட்கருத்து நிலைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் படித்த வர்க்கத்தார் அல்லர், கரைவாசிகள்.

இன்று வருபவர்கள்

கூட்டத்துக்கு இன்று குறைவில்லை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே நடந்து சுற்றியதை உலகமே பார்த்தது. 2022இல் அருகிலுள்ள பூஞ்சேரியில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடுக்கு உலகெங்கிலுமிருந்து அணிகள் வந்தன. 2021-22இல் கட்டணம் வாங்கும் மத்தியத் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது மாமல்லைக்குத்தான், ஏறத்தாழ 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலே அடுத்த இடத்தில்தான் நின்றது. ஒத்தவாடைத் தெருவில் மீன்கடைக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டார் தங்கும் விடுதி. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள்.

ஆனால் பெரும்பாலோரின் பாதை ஒன்றே. கைபேசியில் கியூஆர் குறியீடு ஸ்கேன், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் ஒரு படம், கடற்கரைக் கோயில், ரதம், சாப்பாடு, திரும்புதல்.

அர்ச்சுனன் தபசு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், இதனால் வரும் இழப்பு விளங்கும். பாறையை எல்லாரும் படமெடுக்கிறார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் தன்னோடு வந்த குடும்பத்துக்கு மட்டும் கையை நீட்டிக் காட்டுகிறார்: யானையின் காலடியில் ஒரு பூனை, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, அதை நம்பிச் சுற்றி எலிகள். நடுப்பிளவில் நாகங்கள்; அதற்கு மேலே பாறையின் உச்சியில் நீர் தேக்க இடம் இருந்ததையும், அந்த நீர் பிளவு வழியே அருவியாக விழுந்திருக்கும் என்பதையும் அவர் சொன்ன பிறகு, அந்தக் குடும்பத்துச் சிறுவன் அங்கிருந்து நகர மறுக்கிறான். பக்கத்தில் படமெடுத்தவர்கள் பூனையைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

சிற்பப் பட்டறைகளிலும் இதே நிலைதான். உளிச்சத்தத்தோடு இப்போது கட்டர் மெஷின் இரைச்சலும் சேர்ந்திருக்கிறது; வேலை வேகமாகிறது, கல்தூசு நெஞ்சில் படிகிறது. விலை கேட்பவர் பலர். எந்தக் கல் எப்படித் தட்டினால் மணியோசை தரும், எங்கே பிளக்கும் என்று கேட்பவர் சிலர். கேட்டால், எந்தச் சிற்பியும் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லித் தருகிறார்.

செய்ய வேண்டியது

ஊராரிடம் கேட்டறிய சேம்பர்ஸுக்கு இருந்த வசதி நமக்கு இல்லாமல் போகவில்லை. நாம் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். மாமல்லைக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது தங்குங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசைச் செலவாக நினைக்காதீர்கள். வலை சீர்செய்யும் பெரியவரிடம், எந்த இடத்தில் வலை கல்லில் மாட்டுகிறது என்று கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு இந்தக் கரைக்குத் திட்டங்கள் வருகின்றன. நடைபாதையும் மின்விளக்கும் வருகின்றன. அவற்றோடு, கரையோரக் குப்பங்களின் முதியவர்கள் கடலடிப் பாறைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களையும் அவர்களுடைய நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்து, ஊர்ப் பெயரோடு ஓர் ஆவணமாக வைக்க வேண்டும். கல்வெட்டைப் படியெடுக்கும் அக்கறை ஊர்ச்சொல்லுக்கும் உரியது. இந்தத் தலைமுறையின் பெரியவர்கள் போய்விட்டால், அதைத் தோண்டி எடுக்க எந்த அலையும் உதவாது.